ரேக்கைத் தொட்டால் சுரீர் என்கிறது: யூபிஎஸ் கோளாறா, எர்த் கோளாறா?

நொய்யல்கரை | ஏப்ரல் 18, இரவு 9:12

வணக்கமுங்க. திருப்பூருக்கு வெளியே சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். முன்னால் ஆபீஸ். அறுபது மீட்டர் தள்ளிப் பின்னால் தையல் செட்டும் அயர்ன் டேபிளும் இருக்கிற கட்டடம். இரண்டுக்கும் தனித்தனி சர்வீஸ், தனித்தனி மீட்டர். ஆபீஸ் சுவரில் ஒரு ரேக்: ஃபைபர் மோடம், ரவுட்டர், கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கிற 24 போர்ட் பிஓஇ சுவிட்ச், கேமரா ரெக்கார்டர், கீழே 1 கேவிஏ யூபிஎஸ். பின் கட்டடத்தில் ஒரு 8 போர்ட் சுவிட்ச். நடுவில் மண்ணுக்குள் குழாய் போட்டு இழுத்த கேட்6 ஷீல்டு நெட் கேபிள் (உள்ளே உலோக உறை சுற்றியது), இரண்டு முனையிலும் உலோகத் தலை.

நேற்று பின்னால் நெட் வரவில்லை என்று அந்தக் கேபிளைக் கழற்றினேன். ஒரு கை ரேக் கதவில், மறு கையில் கேபிள் தலை. சுரீர் என்று முழங்கை வரை ஏறிவிட்டது. திரும்ப மாட்டும்போது போர்ட் வாயில் கடுகளவு நீலப் பொறி. மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ரேக்குக்கும் கேபிள் தலைக்கும் நடுவே பார்த்தால் 108 வோல்ட்! யூபிஎஸ் விற்றவரைக் கேட்டால், "அதெல்லாம் ஸ்டாடிக் சார், ஒன்றும் ஆகாது" என்கிறார். யூபிஎஸ்ஸை மாற்றலாமா?

ஊத்துக்குளி வெண்ணெய் | ஏப்ரல் 18, இரவு 9:40

ஸ்டாடிக் என்றால் பட்டென்று ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விடுமே, மீட்டரில் 108 என்று சம்மணம் போட்டு உட்காராது. எங்கள் கடை பில்லிங் கம்ப்யூட்டரும் இப்படித்தான் கிள்ளும். செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் தெரியாது. ஆறு வருஷமாக அதுதான் எங்கள் வைத்தியம்.

பவானி ஜமுக்காளம் | ஏப்ரல் 18, இரவு 10:05

எர்த் வரவில்லை, அவ்வளவுதான். இதற்குப் போய் யூபிஎஸ்ஸை ஏன் மாற்றவேண்டும்? யூபிஎஸ் மாட்டியிருக்கும் பிளக் பாயிண்டைக் கழற்றி, நியூட்ரலிலிருந்து எர்த் முள்ளுக்கு ஒரு சின்ன ஒயர் லூப் அடித்துவிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. பத்து வருஷமாக எத்தனையோ இடத்தில் செய்திருக்கிறேன், ஒருத்தரும் ஷாக் என்று திரும்பி வந்ததில்லை.

பீளமேடு பம்ப்செட் | ஏப்ரல் 19, காலை 6:20

நொய்யல்கரை தம்பி, அந்த லூப்பை மட்டும் அடிக்காதீங்க. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போகிறேன்.

கரண்ட் வருகிற வழி பேஸ். நியூட்ரல் என்பது அது திரும்பிப் போகிற வழி. அந்த வழி எங்காவது அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. போர்டில் ஒரு ஸ்குரூ லூசாகி நியூட்ரல் விட்டுப்போகிறது. பேஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது யூபிஎஸ்ஸுக்குள் நுழைந்து, நியூட்ரல் முள் வழியாக வெளியே வந்து, திரும்பிப்போக வழி இல்லாமல் நிற்கிறது. நீங்கள் அடித்த லூப் வழியாக அது எர்த் முள்ளுக்குப் போகும், அங்கிருந்து ரேக்கின் தகரம் முழுக்க ஏறும். 230 வோல்ட். நெட் வரவில்லையே என்று நீங்கள் ஒரு கையால் கதவைத் திறப்பீர்கள். யாராவது வயர்மேன் பேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டியிருந்தால் நியூட்ரல் அறுந்துபோகக்கூட வேண்டாம், லூப் அடித்த நொடியே ரேக்கில் கரண்ட்.

ஒருத்தரும் திரும்பி வரவில்லை என்பதை நான் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பவானி ஜமுக்காளம் | ஏப்ரல் 19, காலை 8:31

அண்ணா கோபிக்காதீங்க. ஆனால் டிரான்ஸ்பார்மரிலேயே நியூட்ரலை மண்ணில்தானே இறக்கியிருக்கிறார்கள்? அங்கே சேர்த்தால் சரி, நான் சேர்த்தால் தப்பா?

பீளமேடு பம்ப்செட் | ஏப்ரல் 19, காலை 9:02

கோபம் எல்லாம் இல்லைங்க, கேள்வி சரியான கேள்வி. டிரான்ஸ்பார்மர் பக்கம் சேர்ப்பது ஊற்றுக்கண்ணில். அங்கிருந்து உங்கள் வீட்டுக்குள் வருகிற நியூட்ரல் வழியில் எங்கே அறுந்தாலும், எர்த் ஒயர் அதோடு சேராமல் தனியாக இருக்கிறவரை ரேக்கின் உடம்பில் கரண்ட் ஏறாது. நீங்கள் சேர்ப்பது கடைசிப் பிளக்கில், அறுந்துபோகக்கூடிய அத்தனை இடத்துக்கும் இந்தப் பக்கம்.

இன்னொன்று. லூப் அடித்த இடத்தில் ஆர்சிசிபி நிற்காது. பேஸில் போனது முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. கொஞ்சம் எர்த்தில் ஒழுகினால் விழுந்துவிடும். விழுகிறதே என்று அடுத்து வருகிற ஆள் ஆர்சிசிபியைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் கொடுத்துவிட்டுப் போவான். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சென்னிமலை போர்வை | ஏப்ரல் 19, காலை 11:15

ஒரு ஸ்பின்னிங் மில்லில் நெட்வொர்க் பார்க்கிறேன். அந்த 108 எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ரவுட்டர், சுவிட்ச், ரெக்கார்டர் எதுவானாலும் உள்ளே இருக்கிற பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டப் பேஸிலிருந்து உடம்புக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து உடம்புக்கு ஒன்று என்று இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அதன் வழியாகக் கசிகிற துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் தொங்குகிற உடம்பு 230இல் பாதியில், அதாவது 115 வோல்ட் அருகே மிதக்கும். உங்கள் மீட்டர் காட்டுவது அதுதான். ஒரு கருவியில் 0.2 மில்லி ஆம்பியர்தான் கசியும். ஒரு ரேக்கில் ஐந்தாறு கருவி சேரும்போது கூட்டி 1 மில்லி ஆம்பியர் வந்துவிடும். அது உறைக்கும். ஆளைக் கொல்லாது. கை உதறி ஏணியிலிருந்து விழுந்தால் அது வேறு கதை.

இது வெறும் கசிவா, நிஜமாகவே எங்காவது பேஸ் உடம்பில் உரசுகிறதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். மீட்டர் முள்ளோடு சேர்த்து 15 வாட் குண்டு பல்பு ஒன்றை அதே இரண்டு இடத்துக்கும் நடுவில் பிடியுங்கள் (ஹோல்டரும் ஒயரும் போட்டு, கை படாமல்). கசிவு என்றால் பல்பு எரியாது, 108 படுத்துவிடும், ஒன்றிரண்டு வோல்ட்தான் நிற்கும். பல்பு எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு இங்கே எழுதுங்க. நீங்களே எதையும் நோண்ட வேண்டாம்.

நொய்யல்கரை | ஏப்ரல் 20, மாலை 7:48

பல்பு எரியவில்லை. 108 என்று நின்றது சட்டென்று 2க்கு இறங்கியது. அக்கா சொன்னது சரி.

எங்கள் வயர்மேன் அண்ணனைக் கூட்டிவந்து பிளக் பாயிண்டைப் பிரித்தோம். பச்சை ஒயர் எர்த் முள்ளில் ஒழுங்காக முறுக்கி இருந்தது. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம் கரண்ட் பிரிந்து போகிற டிபி போர்டைத் திறந்தால், அதே பச்சை ஒயர் அங்கே வந்து, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மூலையில் மடக்கி வைத்திருக்கிறது. எர்த் பட்டையில் மாட்டவே இல்லை. கட்டடம் கட்டி ஒன்பது வருஷம். மூணு முள் பிளக், மூணு ஓட்டைப் பாயிண்ட், எல்லாம் இருக்கிறது, எர்த் மட்டும் இல்லை.

மாட்டியாயிற்று. ரேக்குக்கும் எர்த்துக்கும் நடுவே இப்போது 0.3 வோல்ட். எல்லோருக்கும் நன்றிங்க.

ஊத்துக்குளி வெண்ணெய் | ஏப்ரல் 20, இரவு 8:15

கையோடு ஒரு சந்தேகம். எங்கள் தோட்டத்து வீட்டில், சாளையில், எர்த் குழி இல்லை. போர்வெல் ஆயிரம் அடி. துளை இடியாமல் இருக்க இறக்கிய அந்தக் கேசிங் பைப்பில் ஒயரைக் கட்டிவிட்டால் ஆயிரம் அடி ஆழத்துக்கு எர்த் கிடைத்துவிடாதா? யார் வீட்டில் இருக்கும் அவ்வளவு ஆழம்!

தாராபுரம் காத்தாடி | ஏப்ரல் 20, இரவு 10:30

ஆசை நல்ல ஆசைதான். நம் பக்கம் மண் கொஞ்சம்தான், அதற்கடியில் கருங்கல் பாறை. கேசிங் பாறை தொடுகிற வரைக்கும்தான் இறங்கும், மீதி வெறும் துளை. ஆயிரம் அடி போர் போட்டவர்களிடம் பில்லை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கேசிங் எத்தனை அடிக்கு என்று தனியாக எழுதியிருக்கும். இப்போது போடுவது பெரும்பாலும் பிவிசி வேறு. பிளாஸ்டிக்கில் ஒயரைக் கட்டி என்ன பண்ண? இரும்புக் கேசிங்காகவே இருந்தாலும், மோட்டார் தூக்க வருகிற ஆட்கள் முதலில் கழற்றிப் போடுவது அந்த ஒயரைத்தான்.

எட்டடி ஜிஐ பைப், சுற்றிக் கரி, கொஞ்சம் உப்பு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். இந்த உப்பு போகப்போகப் பைப்பைத் தின்னும், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, நிழல் விழுகிற ஈர இடமாகப் பார்த்துப் போடுங்க.

நொய்யல்கரை | ஏப்ரல் 23, இரவு 9:55

முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லைங்க.

இன்றைக்கு அந்த ஷீல்டு கேபிளை மறுபடி கழற்றினேன். இப்போது ஆபீஸில் எர்த் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ரேக்குக்கும் கேபிள் தலைக்கும் நடுவே 31 வோல்ட். பல்பு வைத்தால் இந்த முறை படுக்கவே இல்லை, அப்படியே நிற்கிறது. கேபிளை மாட்டிவிட்டு கிளாம்ப் மீட்டரைச் சும்மா அதைச் சுற்றிப் போட்டுப் பார்த்தேன். 0.68 ஆம்பியர்! நெட் போகிற கேபிளில் எப்படி இவ்வளவு கரண்ட்? மதியம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் பூஜ்யம். ஆட்கள் திரும்பி வந்ததும் மறுபடி 0.68.

சென்னிமலை போர்வை | ஏப்ரல் 23, இரவு 10:40

இது வேறு வியாதி. முதல் வியாதி இதை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

உங்கள் இரண்டு கட்டடத்துக்கும் இரண்டு எர்த். கேபிளின் ஷீல்டு இரண்டு முனையிலும் உலோகத் தலை வழியாக இரண்டு எர்த்தையும் பாலம் போட்டுச் சேர்க்கிறது. பின் கட்டடத்தில் ஏதோ ஒரு மெஷின் உடம்பில் கரண்ட் விட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கக் குழி காய்ந்து கிடக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அது மண்ணுக்குள் இறங்கச் சிரமப்பட்டு, உங்கள் ஷீல்டு வழியாக ஆபீஸுக்கு நடந்து வந்து, இங்கே இருக்கிற நல்ல எர்த்தில் இறங்குகிறது. ஆபீஸில் எர்த் இல்லாதவரை அதற்கு வழி இல்லை, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை.

ஷீல்டு என்பது முடி மாதிரி மெல்லிய பின்னலும் பேப்பர் போன்ற ஃபாயிலும். இரைச்சலைத் தடுக்கச் செய்தது, கட்டடத்துக்கு எர்த் ஓட்ட அல்ல. பின்னால் ஒரு மோட்டாரில் பேஸ் நேராக உடம்பில் உட்கார்ந்தால் பெரும்பகுதி இதில்தான் வரும்.

கட்டடத்துக்குக் கட்டடம் என்றால் ஃபைபர் போடுங்க. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கன்வர்ட்டர், நடுவில் கண்ணாடி இழை. இடி மழையில் இந்தக் கேபிள் வழியாகப் போர்ட் எரிவதும் நின்றுபோகும். ஷீல்டு இல்லாத கேபிள் போட்டாலும் இந்த 0.68 நின்றுவிடும், போர்ட்டுக்குள் இருக்கிற டிரான்ஸ்பார்மர் 1500 வோல்ட் வரை பிரித்து வைக்கும். ஆனால் சித்திரை வைகாசி இடிக்கு 1500 எல்லாம் கால்தூசு.

பீளமேடு பம்ப்செட் | ஏப்ரல் 24, காலை 6:05

சாப்பாட்டு நேரத்தில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்க, குற்றவாளியை அதிலேயே பிடித்துவிடலாம். பின் கட்டட டிபியில் ஒவ்வொரு எம்சிபியாக (கரண்ட் அதிகமானால் தானே விழுகிற சுவிட்ச்) இறக்குங்கள். எதை இறக்கும்போது 0.68 பூஜ்யம் ஆகிறதோ அதுதான். என் பந்தயம் அயர்ன் டேபிள்.

கூடவே எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டுப் பின் குழியை அளக்கச் சொல்லுங்க, ஓம் குறைவாக இருந்தால்தான் நல்ல எர்த். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் குண்டு பல்பு எரிகிறதே, எர்த் நல்லாத்தான் இருக்கு என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் கீழே. மட்டமான எர்த்தில்கூட ஜோராக எரியும்.

நொய்யல்கரை | ஏப்ரல் 26, மாலை 6:30

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீங்கண்ணா. அயர்ன் டேபிளுக்கு ஆவி கொடுக்கிற சின்ன கரண்ட் பாய்லர். ஹீட்டர் ராடு ஒன்றில் உறை வெடித்து, உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. பின் குழி 38 ஓம். ஆபீஸ் குழி 6 ஓம். பின் குழியில் புனல் எங்கே என்றே தெரியவில்லை, மேலே துணிக் கழிவு மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டையை எடுத்துவிட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் அளந்தால் 21.

கேள்வி: இவ்வளவு கசிந்தும் அந்த எம்சிபி ஏன் விழவில்லை?

பீளமேடு பம்ப்செட் | ஏப்ரல் 26, இரவு 7:20

எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாதுங்க. கணக்கைப் பாருங்கள். 31 வோல்ட், 38 ஓம். ஷீல்டைக் கழற்றிய நிலையில் கசிவு 0.8 ஆம்பியர். எம்சிபியில் எழுதியிருப்பது 16. அது எதற்கு விழும்?

அதைவிட மோசம், பேஸ் முழுசாக உடம்பில் உட்கார்ந்திருந்தாலும் விழாது. 230ஐ 38ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி 6 ஆம்பியருக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். பாய்லர் தகரத்தில் ஏறக்குறைய 230 வோல்ட் அப்படியே நிற்கும், வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கிற பையன் அதைத் தொடுவான். குழி வைத்து எர்த் எடுக்கிற இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இருக்கவே கூடாது. அது இருந்தால் 38 ஓம் குழியிலும் ஒரு வோல்ட் சொச்சம் ஏறுகிறதற்குள் விழுந்திருக்கும்.

ரேக்குக்கு மட்டும் தனி ஆர்சிசிபி வையுங்க, கம்ப்யூட்டர் மாதிரிக் கருவிகளின் கசிவையும் பிடிக்கிற ஏ டைப்பாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஆபீஸில் வேறு எது கசிந்து விழுந்தாலும், பேட்டரி தீர்ந்ததும் கேமராவும் படுத்துவிடும்.

0.8 ஆம்பியர் என்றால் பத்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 யூனிட். எத்தனை மாதமாகப் பூமாதேவிக்கு நைவேத்தியம் போயிருக்கிறதோ!

ஊத்துக்குளி வெண்ணெய் | ஏப்ரல் 26, இரவு 8:02

இந்த ஒரு வரி போதும், நாளைக்கு எங்கள் ஊரில் அத்தனை முதலாளிகளும் எர்த் டெஸ்டர் வாங்கிவிடுவார்கள்.

பவானி ஜமுக்காளம் | ஏப்ரல் 27, காலை 10:10

இதைப் படித்துவிட்டு நான் லூப் அடித்த இரண்டு இடத்துக்கு நேற்றுப் போய்க் கழற்றிவிட்டு வந்தேன். ஒன்றில் பேஸும் நியூட்ரலும் மாறித்தான் இருந்தது. நல்லவேளை, அது கம்ப்யூட்டருக்கு இல்லாத பாயிண்ட். மீதி இடமும் பார்க்கவேண்டும்.

ஒரு சந்தேகம். கேமரா போட வருகிறவர்கள், ரேக்குக்கு மட்டும் தனிக் குழி போடு, கரண்ட் எர்த்தோடு சேர்க்காதே, "கிளீன் எர்த்" என்கிறார்கள். அது சரியா?

தாராபுரம் காத்தாடி | ஏப்ரல் 27, மதியம் 1:45

தனிக் குழி போடலாம், தப்பில்லை. பழைய குழியோடு சேர்க்காமல் விடுவதுதான் தப்பு. காற்றாலையில் வேலை, இடி எங்களுக்குப் பழகிய விருந்தாளி, அதனால் சொல்கிறேன். 20,000 ஆம்பியர் இடி ஒன்று 5 ஓம் குழியில் இறங்குகிறது என்று வையுங்கள். அந்தக் குழியின் தலை ஒரு லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். பக்கத்துக் குழி அதோடு சேராமல் தனியாகக் கீழே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது எது? உங்கள் ரேக். ஒரு கட்டடத்துக்குள் எத்தனை குழி இருந்தாலும் பட்டை போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடவேண்டும். சேர்ந்து ஏறினால் சேர்ந்து இறங்கும், நடுவில் யாருக்கும் அடிபடாது.

சென்னிமலை போர்வை | ஏப்ரல் 27, மாலை 4:20

நொய்யல்கரை, ரேக்கின் தகரத்துக்கும் ஒரு எர்த் ஒயர் தனியாகக் கொடுங்க. யூபிஎஸ்ஸின் மூணாவது முள்ளை மட்டும் நம்பவேண்டாம். நான் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் போடுவேன். ரேக்கில் பவுடர் பெயிண்ட் அடித்திருப்பார்கள், போல்ட் போடும் இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். பெயிண்ட் மேல் இறுக்கிவிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யூபிஎஸ்ஸுக்கு வருகிற கரண்டை வேலைக்காக நிறுத்தும்போது பிளக்கைப் பிடுங்காதீங்க, சுவரில் இருக்கிற சுவிட்சை மட்டும் அணையுங்கள். பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும், பேட்டரியிலிருந்து 230 மட்டும் ரேக்குக்குள் வந்துகொண்டிருக்கும். தனி எர்த் ஒயர் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நொய்யல்கரை | மே 9, இரவு 9:05

எல்லாம் முடித்துவிட்டேன். ஹீட்டர் ராடு புதுசு. இரண்டு கட்டடத்திலும் ஆர்சிசிபி. முதல் மூன்று நாள் காலையில் பாய்லர் போட்டதும் விழுந்தது, அயர்ன் மாஸ்டர் "இதைக் கழற்றிவிடுங்க முதலாளி, வேலை ஓடலை" என்று ஒரே பிடிவாதம். இரண்டாவது ராடும் ஈரம் ஏறிப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து அதையும் மாற்றியபிறகு விழுவதில்லை.

ஃபைபரும் இழுத்தாயிற்று. வீட்டுக்கு நெட் கொடுக்கிறார்களே, அந்தத் தட்டைக் கறுப்புக் கேபிள். தூணிலிருந்து தூணுக்கு மேலாகவே கொண்டுவந்து, இரண்டு பக்கமும் நல்லா இழுத்துக் கட்டியிருக்கிறேன். காக்கா உட்கார்ந்தாலும் தொங்காது.

சென்னிமலை போர்வை | மே 9, இரவு 9:31

அந்தக் கேபிளில் ஒரு ஓரமாக இரும்புக் கம்பி ஓடுமே. அதை எதில் கட்டியிருக்கிறீர்கள்?

நொய்யல்கரை | மே 9, இரவு 9:34

ஆபீஸில் ரேக்கின் மேல் ஓட்டையில். பின்னால் சுவிட்ச் மாட்டிய இரும்புப் பெட்டியில்.

ஐயோ.

சென்னிமலை போர்வை | மே 9, இரவு 9:36

ஆமாங்க. ஷீல்டை எடுத்துவிட்டுக் கம்பியில் அதே பாலம்! கட்டடத்துக்கு வெளியே சுவரில் பிளாஸ்டிக் கொக்கி அடித்து, கம்பியை அங்கேயே முடித்து வெட்டிவிடுங்கள். இழை மட்டும் உள்ளே வரட்டும். மழைக்கு முன்னால் செய்யுங்க, மேற்கே மின்னுகிறது.

நொய்யல்கரை | மே 10, காலை 7:50

வெட்டியாயிற்று அக்கா. வெட்டுவதற்கு முன் கிளாம்ப் போட்டுப் பார்த்தேன். 0.04.